தாய்ப்பால் டீக்கு அல்ல

குறட்டை மன்னருக்கு,

பிரிட்ஜில் பாட்டிலில் இருப்பது ஆஸ்பத்திரியில் இருக்கும் நம் மகளுக்கான தாய்ப்பால். நேற்றுப்போல் அதில் டீ போட்டுவிடாதீர்கள். நான் முன்னால் போகிறேன்; பத்து மணிக்குள் அங்கே எடுத்து வாருங்கள். பத்து மணிக்கு அவளுக்கு இதய ஸ்கேன்.

“மூளையில ரத்தம் கசியுமோன்னுதானே பயம், நெஞ்சை எதுக்குப் பாக்கணும்?” என்று கத்தினீர்களே, டாக்டரம்மாவிடம் கேட்டேன். “குறைமாசக் குழந்தைம்மா. இதயத்துக்குப் பக்கத்துல, பொறந்ததும் மூடவேண்டிய ரத்தக்குழாய் திறந்தே கிடந்தா மூளையில ரத்தம் கசியலாம். முன்னாடியே பாத்துட்டா மருந்து குடுக்கலாம்” என்றார். கதவைச் சாத்தாமல் போவது உங்கள் வம்சத்துக்கே வழக்கம்தானே.

ராத்திரி நர்ஸ் அவள் விரலைப் பிடித்தபடியே நின்றாராம். கடவுளுக்கு வேலை அதிகம் போல, ஆளை அனுப்பியிருக்கிறார்.

பி.கு.: நான் கல்நெஞ்சக்காரி இல்லை. அழுதால் பால் வற்றிவிடுமோ என்றுதான் அடக்கிவைத்திருக்கிறேன். ஸ்கேன் முடிந்ததும் தோளைக் கொடுங்கள்.