ஞானத்தாயாக யார் நிற்பது

நவம்பர் 12, புதன்

காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. கேஸ் புக் செய்தாயிற்று. காரைக்கால்மேட்டு மீன்காரம்மா வரவில்லை; கடலில் காற்றாம், போட் இறங்கவில்லை. ரசம், அப்பளம்.

மதியத்துக்குள் ரீட்டா வந்தாள், குழந்தையோடு. என் தங்கை மகள். ஞாயிறு பூசை முடிந்ததும் குழந்தைக்கு ஞானஸ்நானம்.

"பெரியம்மா, நீங்கதான் ஞானத்தாயா நிக்கணும்."

சிரித்துப் பேச்சை மாற்றப் பார்த்தேன். விடவில்லை.

"எங்க வீட்டுல அத்தை அவங்க அக்காவ நிக்க வைக்கணுங்கிறாங்க. நான் முடியாதுன்னுட்டேன். இவ இன்குபேட்டர்ல கெடந்தப்ப வெளியில பெஞ்சில உக்காந்திருந்தது நீங்கதானே? நீங்க பக்கத்துல நின்னாதான் எனக்குத் தைரியம்."

ஞானஸ்நானத்துக்கு என்ன தைரியம்? குழந்தை பிழைத்துவந்த பயம் இன்னும் போகவில்லை போலும்.

ஞானத்தாய் சும்மா நிற்பவள் அல்ல. பெற்றோரோடு சேர்ந்து, பூசை வைக்கும் சாமியாருக்குப் பதில் சொல்ல வேண்டும். விசுவசிக்கிறீர்களா? விசுவசிக்கிறேன். மூன்று முறை. எனக்கு விசுவாசம் போய் வெகுகாலம் ஆகிறது. சண்டையில்லை, கோபமில்லை. கோடையில் குளம் வற்றுவது போல. ஒருநாள் பார்த்தால் தரை. மாதா கோயிலுக்குப் போவதை நிறுத்தியபோது முழங்கால் வலி என்று ஊர் நினைத்துக்கொண்டது. நானும் மறுக்கவில்லை.

யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தேன். கண் கலங்கிப் போனாள்.

நவ. 13, வியாழன்

மழை விட்டது. பென்ஷன் விஷயமாக பாங்குக்குப் போக நினைத்தது, போகவில்லை.

நெரவியிலிருந்து செல்வம் போன். என்னிடம் பத்தாவது படித்தவன், இப்போது தண்ணீர் ஃபில்டர் பழுதுபார்க்கிறான். மதம் வேண்டாதவர்கள் மாதம் ஒருமுறை கூடுவதற்கு மாடியறை ஒன்று பிடித்துவைத்திருக்கிறான். போன மாதம் முதல் முறையாகப் போனேன். முன்பெல்லாம் சாமி இல்லை என்பவர்கள் என்றால் மேடை, மைக், கறுப்புச் சட்டை. இவர்கள் டிபன் டப்பாவோடு வருகிறார்கள். ஒரு நர்ஸ், ஒரு பாங்க் கிளார்க், அப்பாவுக்குத் திவசம் கொடுக்க மறுத்ததால் அண்ணனோடு பேச்சு நின்றுபோன ஒருவர். ஒருத்தர் பெயரே சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

"டீச்சர், தப்பு நடந்துபோச்சு. நம்ம ஆள் ஒருத்தர் அன்னைக்கு எடுத்த போட்டோவ ஃபேஸ்புக்ல போட்டுட்டாரு. 'காரைக்கால் நாத்திகர்கள்'னு தலைப்பு வேற."

"அத அழிக்கச் சொன்னியா?"

"அழிச்சாச்சு டீச்சர். ஆனா..."

அந்த 'ஆனா'விலேயே தெரிந்துவிட்டது. மாலையில் எங்கள் கோயில் பங்குக் குடும்பங்களின் வாட்ஸ்அப் குழுவில் அந்தப் படம். முன்வரிசையில் நான், கையில் போண்டா, வாயெல்லாம் பல். கீழே ஒருத்தி: "மாடி ஏறும்போது டீச்சருக்கு முழங்கால் வலிக்கலியா?" அதன்கீழே வரிசையாகச் சிரிக்கும் பொம்மைகள்.

எழுதியவள் மகனுக்கு அல்ஜீப்ரா ஏற்றியது நான்.

நவ. 14, வெள்ளி

தங்கை ஜெசிந்தா வந்தாள். உட்காரவில்லை.

"ஏங்க்கா, இந்த வயசுல என்ன புரட்சி ஒனக்கு?"

"போண்டா தின்னேன். புரட்சி பண்ணல."

"சிரிக்காத. சம்பந்தியம்மா என்ன கேட்டாங்க தெரியுமா? உங்க அக்கா பிள்ளையத் தூக்கிக்கிட்டு நின்னா தீர்த்தம் பிள்ளை மேல படுமா, வழுக்கிக்கிட்டுப் போவுமாங்கிறாங்க. ரீட்டா அந்த வீட்டுலதான் குடித்தனம் பண்ணணும்."

"இப்ப நான் என்ன செய்யணுங்கிற?"

"ஒண்ணு, நிக்கலன்னு சொல்லிடு. இல்லியா, வந்து நின்னு எல்லாரும் சொல்றத நீயும் சொல்லு. வாயசைச்சாலே போதும். யாரு உத்துப் பாக்கப்போறா?"

அவள் போன பிறகும் அந்தக் கேள்வி போகவில்லை. வகுப்பில் பாடம் முடித்து, புரிஞ்சுதா என்று கேட்பேன். "புரிஞ்சுது டீச்சர்!" என்று கூரை அதிரும். சத்தத்தை நான் கேட்டதேயில்லை. வாய்களைத்தான் பார்ப்பேன். எந்தப் பிள்ளையின் வாய் அசையவில்லையோ அதன் பக்கத்தில் போய் நிற்பேன். பொய் சொல்லாத பிள்ளை அது. அதற்குத்தான் துணை வேண்டும்.

அப்படிப் பழகியவள் எப்படி வாயசைப்பேன்?

நவ. 15, சனி

பால் திரிந்துவிட்டது. கடுங்காப்பி.

ரீட்டாவுக்குப் போன் செய்தேன். நிற்கவில்லை என்றேன். பொய் சொல்லிக் குழந்தையைக் கையில் வாங்க மனம் வரவில்லை. நின்றால் உனக்கும் அந்த வீட்டில் தொல்லை என்றும் சொன்னேன்.

ரீட்டா கேட்டாள், "ரெண்டுல எது பெரியம்மா காரணம்?"

போனை மறுகாதுக்கு மாற்றினேன்.

"சரி. வந்து உக்காரவாவது செய்யுங்க. முன்னாடி உக்காருங்க. எனக்கு உங்க மொகம் தெரியணும்."

வாங்க வேண்டியது: குழந்தைக்குக் கொலுசு. உளுந்து. தைலம். குடைக்கம்பி சரிசெய்ய வேண்டும்.

நவ. 16, ஞாயிறு

நல்ல வெயில். கோயில் நிறைந்த கூட்டம். என் பெஞ்சில் மட்டும் இடம் இருந்தது. பின்னால் நின்றார்களே தவிர, வந்து உட்காரவில்லை. யாரோ, "தைரியந்தான்" என்றது காதில் விழுந்தது. புடவைத் தலைப்பை இழுத்துப் பிடித்துக்கொண்டேன்.

சம்பந்தியம்மாவின் அக்கா ஞானத்தாயாக நின்றார், குழந்தையை ஏந்திக்கொண்டு. பக்கத்தில் ரீட்டாவின் கணவன், எங்கள் மருமகன். அந்தப்பக்கம் ரீட்டா, கையில் மெழுகுவத்தி.

சாமியார் கேட்டார். விசுவசிக்கிறேன் என்று சத்தம் எழுந்தது. பழக்கதோஷம், என் கண் வாய்களுக்குப் போயிற்று. மருமகன் வாய் அசைந்தது. அந்த அம்மா எல்லோருக்கும் மேலாகச் சொன்னார். ரீட்டாவின் வாய் மூடியிருந்தது.

சரியாகப் பார்க்கவில்லை என்று நினைத்தேன். இரண்டாம் கேள்வி. மூடியேதான். மூன்றாவதில் அவள் சாமியாரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

புதன்கிழமை கேட்ட தைரியம் இதற்கு.

என் உண்மையை நான் பத்திரமாகக் காப்பாற்றிக்கொண்டேன். அவளை அங்கே தனியாக நிற்க விட்டுவிட்டு. விருந்துக்கு நிற்கவில்லை. கொலுசைக்கூடக் கொடுக்காமல் வந்துவிட்டேன்.

நவ. 17, திங்கள்

மறுபடி மழை. கேஸ் வந்தது.

ரீட்டா போன். பின்னால் குழாய்த் தண்ணீர் விழும் சத்தம். பாத்ரூமிலிருந்து பேசுகிறாள்.

"பாத்தீங்கதானே பெரியம்மா?"

"பாத்தேன். எப்பலேருந்துடி?"

"இவ இன்குபேட்டர்ல கெடந்தப்பவே. வந்தவங்க எல்லாரும் ஜெபம் பண்ணு, ஜெபம் பண்ணுன்னாங்க. எனக்கு வரல. நீங்க மட்டும் ஒண்ணுஞ் சொல்லாம பிளாஸ்க்குலேருந்து காப்பி ஊத்திக் குடுத்தீங்க. உங்களுக்கும் விசுவாசம் இல்லன்னு அன்னைக்கே தெரிஞ்சுபோச்சு."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"நீங்க சொன்னீங்களா?"

சரிதான்.

"நேத்து கோயில்ல எடுத்த வீடியோ வந்திருக்கு. அத்தை ஹால்ல ஒக்காந்து திருப்பித் திருப்பிப் போட்டுப் பாக்குறாங்க. இப்ப சத்தத்தைக் கொறச்சுட்டாங்க பெரியம்மா."

சத்தத்தைக் குறைத்துவிட்டு எதைப் பார்ப்பார் என்று எனக்குத் தெரியாதா?

"பிள்ளையத் தூக்கிக்கிட்டு இங்க வந்துடு."

"வேண்டாம். ஓடி வந்த மாதிரி ஆயிடும். நீங்க இங்க வாங்க. வந்து பக்கத்துல நில்லுங்க."

முழங்கால் இன்று உண்மையாகவே வலிக்கிறது. கொலுசு, குடை எடுத்துவைத்தாயிற்று. அடுப்பை அணைத்தாயிற்று. வாசலில் ஆட்டோ வந்துவிட்டது.