மடியில் இருந்த கத்தி

போடிநாயக்கனூர்,
கார்த்திகை மாதம், 1955.

மதிப்பிற்குரிய அண்ணன் தவசி அவர்களுக்கு உங்கள் தங்கை அன்னக்கொடி கும்பிட்டு எழுதிக்கொள்வது. இங்கே நலம் என்று எழுதக் கை வரவில்லை. அந்த வரியை விட்டுவிட்டேன். அங்கே அண்ணியையும் பிள்ளைகளையும் முருகன் ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும்.

கண்டியிலிருந்து நீங்கள் போட்ட கடிதம் வந்து சேர்ந்தது. தம்பி பிச்சைமணியின் சாவுக்குப் பதில் கேட்காமல் விடமாட்டேன் என்றும், கப்பலுக்குச் சீட்டு எடுத்தாகிவிட்டது என்றும், நான் உடனே இந்த வீட்டை விட்டுக் கிளம்பி தம்பி பெண்டாட்டி செல்லக்கிளியோடு போய் இருக்க வேண்டும் என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஊரார் உங்களுக்கு என்ன எழுதியிருப்பார்கள் என்று தெரியும். "மொக்கச்சாமி, பெண்டாட்டியோட தம்பியவே கையை அறுத்துக் கொன்னுட்டான்" என்று குழாயடியில் என் காதுபடவே பேசுகிறார்கள். என் வீட்டுக்காரர் செய்ததை நானே உங்களுக்குச் சொல்கிறேன். காசு கொடுத்தால் எழுதித் தர பஜாரில் ஆள் உண்டு. இதை இன்னொருத்தரிடம் சொல்லி எழுத என்னால் முடியாது. நீங்கள் என்னை அஞ்சாவது வரை படிக்க வைத்தீர்கள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவருக்கு மடக்குக் கத்தி மேல் இருந்த பைத்தியம் உங்களுக்குத் தெரியாதது இல்லை. கல்யாணமான புதிதில் அவர் தகரப் பெட்டியைத் திறந்து, வேட்டிக்கு அடியில் கத்தியாக இருந்ததைப் பார்த்து நான் அழுதேன். நீங்கள் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். மான்கொம்புப் பிடி, எருமைக்கொம்புப் பிடி, மலையாளத்துக்காரர் ஒருவரிடம் புது வேட்டியைக் கொடுத்து மாற்றிக்கொண்ட பித்தளைப் பிடி என்று அதற்குப் பிறகும் சேர்த்துக்கொண்டேதான் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை சாக்கை விரித்து எல்லாவற்றையும் பரப்பித் தேங்காயெண்ணெய் போட்டுத் துடைப்பார். மடக்கும்போது விழுகிற சத்தத்தைக் காதருகே வைத்துக் கேட்பார். தினம் காலையில் குளித்து வேட்டி கட்டியதும் ஏதாவது ஒன்று மடியில் ஏறிவிடும். கத்தி இல்லாமல் அவர் வாசல்படி இறங்கி நான் பார்த்ததில்லை. அதில் ஏலக்காய் மூட்டையின் கட்டை அறுப்பார், பாக்கு நறுக்குவார், காயெடுக்கிற பெண்கள் காலில் தைத்த முள்ளை வலிக்காமல் எடுத்துவிடுவார். கோபத்தில் ஒருநாள் அதை விரித்தது கிடையாது.

தீபாவளிக்கு முந்தின நாள் அது. மலையில் ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோரில்தான் இவருக்கும் தம்பிக்கும் சோலி. விடாத மழையால் ஜீப்பு இறங்கவில்லை. பண்டிகைக்கு வீட்டில் இருக்க வேண்டும் என்று குறுக்குப் பாதையில் நடந்தே அடிவாரத்து முந்தலுக்கு இறங்கியிருக்கிறார்கள். கல்லோடையைக் கடக்கும்போது தம்பி வழுக்கி விழுந்து பாறையைப் பிடிக்க, மேலே நின்ற குண்டுக்கல் புரண்டு, வலது கை மணிக்கட்டோடு இடுக்கில் மாட்டிக்கொண்டது. இவர் தோள் கொடுத்துத் தள்ளிப் பார்த்தார். மரக்கிளையை ஒடித்து நெம்பினார், கிளைதான் முறிந்தது. கூப்பிட்ட குரலுக்கு ஆள் இல்லை. மேலே பெய்த மழை செம்மண் தண்ணீராக இறங்கி வந்தது. கை கீழே மாட்டியிருந்ததால் தம்பியால் நிமிரவும் முடியவில்லை. தண்ணீர் இடுப்புக்கு வந்தது, நெஞ்சுக்கு வந்தது. மோவாயைத் தொட்டபோது இவர் மடியிலிருந்து கத்தியை எடுத்திருக்கிறார்.

அன்றைக்குப் பார்த்து மடியில் இருந்தது பாக்கு நறுக்குகிற சின்னக் கத்தி. அலகு விரல் நீளம்கூட இருக்காது. "பெருசு ஒண்ணு இருந்திருந்தா வெரசா முடிஞ்சிருக்கும் புள்ள" என்று என்னிடம் ஒரே ஒரு தடவை சொன்னார். எப்படி அறுத்தார் என்பதை நான் கேட்கவில்லை. நீங்களும் கேட்காதீர்கள்.

துண்டால் இறுக்கிக் கட்டிக் கரைக்கு இழுத்துப் போட்ட பிறகு, பாதை சரிபண்ணுகிற கூலியாட்கள் கடப்பாரையோடு வந்து சேர்ந்திருக்கிறார்கள். அவர்கள் பார்த்தது தம்பி கிடந்த கோலத்தையும் இவர் கையில் இருந்த கத்தியையும்தான். அதற்குமேல் தண்ணீர் ஏறவில்லை அண்ணே. இருட்டுவதற்குள் வடிந்தும் விட்டது. மறுநாள் அவர்களே போய்க் கல்லைப் புரட்டி, கிடைத்த கையை ஏலத்து இலையில் சுற்றிக் கொண்டுவந்து நம் வாசலில் வைத்தார்கள். ஊரெல்லாம் பட்டாசு வெடித்துக்கொண்டிருந்தது. கொஞ்சம் பொறுத்திருந்தால் ஆளும் கையும் தப்பித்திருக்கும் என்று ஊர் சொல்வது இதை வைத்துத்தான். பொய் என்று என்னால் சொல்ல முடியவில்லை. உண்மை என்றும் சொல்ல முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் தம்பிக்குப் புண் ஆறி வருகிறது என்றுதான் நினைத்தோம். பிறகு ரணஜன்னி கண்டுவிட்டது. தாடை பூட்டிக்கொண்டது, உடம்பு வில்லாக வளைந்தது, அதிலேயே போய்விட்டான். ஓடைச் சேற்றிலிருந்து தொற்றியிருக்கலாம் என்றார் டாக்டர். துருப்பிடித்த கத்தி என்கிறது ஊர். "என் கத்தியில துருவே கெடையாதே, நீ பாத்திருக்கேல்ல?" என்று இவர் என்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். சோறு போடும்போது கேட்கிறார். வாசலில் உட்கார்ந்திருக்கும்போது, உள்ளே இருக்கிற என்னைக் கூப்பிட்டுக் கேட்கிறார்.

செல்லக்கிளியின் அப்பா பிராது கொடுத்துவிட்டார். போலீசு வந்து பெட்டியோடு எல்லாக் கத்தியையும் எடுத்துப் போய் ஸ்டேஷன் மேசையில் பரப்பி வைத்தது. சனம் வேடிக்கை பார்க்கத் திரண்டுவிட்டது. ஒரு மனுசனுக்கு இத்தனை கத்தி எதற்கு என்று கேட்டார்கள். "புடிச்சிருந்துச்சு, வச்சிருந்தேன்" என்றாராம். இப்போது ஜாமீனில் இருக்கிறார். தினம் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறார். நடக்கும்போது கை தானாக மடிக்குப் போகிறது, உடனே எடுத்துக்கொள்கிறார். அரிவாள்மனையைக்கூட அவர் கண்ணில் படாமல்தான் எடுக்கிறேன்.

செல்லக்கிளியிடம் போனேன். பிள்ளைக்குக் கொண்டுபோன பாலை வாங்கவில்லை. "மதினி, நீங்க தாலியோட வர்றீங்க. நான் ஒங்க மூஞ்சிய எப்படிப் பாக்குறது?" என்றாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. பால் செம்போடு திரும்பி வந்துவிட்டேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இது ஊருக்குத் தெரியாது, போலீசுக்கும் தெரியாது. தம்பியே அறுக்கச் சொன்னான் என்று வாக்குமூலம் கொடுத்தால் கேசு நிற்காது என்றார் வக்கீல். இவர் மாட்டேன் என்றுவிட்டார். ஏன் என்று நான் பிடித்து உலுக்கியபோதுதான் சொன்னார். தம்பி அறுக்கச் சொல்லவில்லை அண்ணே. "வேண்டாம் மச்சான், கை போனா நான் எப்படிப் பொழைப்பேன்? ஆள் வரும், கொஞ்சம் இரு" என்று கெஞ்சியிருக்கிறான். "கண்ண மூடிக்க மாப்ளே" என்று சொல்லிவிட்டு இவர் அறுத்திருக்கிறார். ஆஸ்பத்திரியில் இவர் பக்கத்தில் போனபோதெல்லாம் தம்பி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். காரணம் அப்போது எனக்குப் புரியவில்லை. வேறு யாரிடமிருந்தாவது என்றைக்காவது நீங்கள் இதைக் கேள்விப்படக் கூடாது என்றுதான் எழுதிவிட்டேன்.

இருந்தாலும் நான் இந்த வீட்டை விட்டுப் போகவில்லை. அவரைத் தனியாக விடப் பயமாக இருக்கிறது. உங்கள் கடிதத்தை அவருக்கு வாசித்துக் காட்டினேன். "வரட்டும். மச்சான் என்ன செஞ்சாலும் நான் தடுக்க மாட்டேன்" என்றார். சொல்லிவிட்டு அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டார். அதைப் பார்த்ததிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை.

ரயிலை விட்டு இறங்கியதும் யார் கூப்பிட்டாலும் போகாமல் நேரே இங்கே வாருங்கள். வெந்நீரும் சோறும் வைத்திருப்பேன். சாப்பிட்டுவிட்டு அவரை என்ன வேண்டுமானாலும் கேளுங்கள், அடிக்க வேண்டுமானாலும் அடியுங்கள். தண்ணீர் மோவாய்க்கு வந்த நேரத்தில் அங்கே நான் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று தினமும் யோசிக்கிறேன், ஒன்றும் தெரியவில்லை. எல்லாம் தெரிந்த மாதிரிப் பேசுகிறவர்களோடு சேர்ந்து மட்டும் வராதீர்கள்.

கடல் தாண்டி வருகிற உங்களுக்கு ஒரு தீங்கும் வராமல் தெய்வம் காக்கட்டும். ஒரு சாவுக்கு அழுதுகொண்டிருக்கிறேன் அண்ணே. இன்னொன்றுக்கு அழ என்னிடம் தெம்பு மிச்சம் இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள்.

உங்கள் பாதம் தொட்டு,
தங்கை அன்னக்கொடி.