ரிலீவர் வரும்வரை

ஓசூர்,
செவ்வாய்க்கிழமை.

ஸோயா அத்தாவுக்கு ஃபிர்தௌஸ் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

நானும் ஸோயாவும் மாமியும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். மகனுக்கு அங்கே சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா, தூக்கம் வருகிறதா என்று மாமி கேட்டு எழுதச் சொன்னார். கேட்டுவிட்டேன்.

போன் கிடையாது, கடிதம்தான் என்று உங்கள் போன் பழக்கத்தை மாற்றுகிற மையத்து மேடம் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பள்ளிக்கூடத்தில் லீவ் லெட்டர் எழுதியதோடு சரி, அப்புறம் நான் யாருக்கும் கடிதம் எழுதியதில்லை. என்ன எழுதுவது என்று கேட்டேன். வீட்டில் இப்போது என்ன விளையாடுகிறீர்கள், எது பிடிக்கிறது, எது பிடிக்கவில்லை என்று எழுதுங்கள், போன் இல்லாமல் உட்கார்ந்து ஆட அவருக்கு ஏதாவது வேண்டுமில்லையா என்றார். ஷிஃப்ட் முழுக்க கம்பெனி லைனில் நின்றுவிட்டு வருகிறவளிடம் விளையாட்டைப் பற்றி எழுதச் சொல்கிறார்கள். நல்ல கூத்துதான். எழுதுகிறேன்.

அதற்கு முன்னால் ஒன்று. போன வாரம் முனிவேல் அண்ணன் உங்களைப் பார்த்துவிட்டு வந்தார். வருகிற ஞாயிறு உங்களை அனுப்பிவிடுவார்களாம். ஆனால் நீங்கள் வீட்டுக்கு வரப்போவதில்லையாம். சேலத்தில் பெங்களூர் பஸ் ஏறி, ஓசூரைத் தாண்டி, பொம்மசந்திராவில் ரூம் எடுத்துக்கொண்டு ஏதாவது வேலை தேடிக்கொள்வீர்களாம். ஃபிர்தௌஸ் மூஞ்சில எப்படிண்ணா முழிக்கிறது என்றீர்களாம். அண்ணன் சுவரைப் பார்த்துக்கொண்டுதான் இதைச் சொன்னார். எனக்குக் கோபம் வந்தது. அழுகை வரவில்லை. அழுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டும்.

சரி, விளையாட்டுக்கு வருகிறேன்.

முனிவேல் அண்ணன் வீட்டு கேரம் போர்டு இப்போது நம் வீட்டில்தான் இருக்கிறது. பூங்கொடி அக்கா தூக்கிவந்து போட்டுவிட்டுப் போனார். கேரம் எனக்குப் பிடித்திருக்கிறது. காய் விழுந்தால் விழுந்தது, விழாவிட்டால் அடுத்தவர் கைக்குப் போய்விடுகிறது. அவர் அடிக்கும்வரை சும்மா உட்கார்ந்திருக்கலாம். எனக்குப் பிடித்ததே அந்தச் சும்மா உட்காருவதுதான். குறை என்றால் இரண்டு. ஸோயா கொட்டுகிற பவுடரில் வீடு மாவு மில் மாதிரி ஆகிவிடுகிறது. அப்புறம், நான் ரெட் காயைப் போட்டுவிட்டு, அதைத் தொடர்ந்து ஃபாலோ காய் போடத் தெரியாமல் விழிக்கிறேன். இதுவரை ஒருமுறைகூட அது என்னிடம் தங்கவில்லை. பூங்கொடி அக்கா, உனுக்கு ஆச கீது, கை இல்ல கண்ணு என்கிறார்.

தாயம் அதைவிட நல்ல விளையாட்டு என்பேன். ஆனால் நம் வீட்டில் அதை ஆட முடிந்ததே பெரிய காரியம். மாமி மத்தூரிலிருந்து வந்திறங்கியதுமே, தாயம் உருட்டுற வீட்ல பரக்கத் தங்காதுடி என்று சத்தம் போட்டார். ஸோயாவும் நானும் சமையலறைத் தரையில் சாக்பீஸால் கட்டம் போட்டு, புளியங்கொட்டையைத் தேய்த்து வைத்துக்கொண்டு ரகசியமாக ஆடினோம். மாமி தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். ஸோயாவின் காயை நான் வெட்டப் போன சமயம் பார்த்து, அந்தப் பக்கத்துக் காயை நகத்துடீ, கண்ணு அவிஞ்சா போச்சு என்று கட்டிலிலிருந்து ஒரு கத்தல். இப்போது மூன்று பேராக ஆடுகிறோம். பரக்கத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. தோற்றால் மட்டும் அஸ்தஃபிருல்லாஹ் என்று எழுந்து போய்விடுகிறார்.

மேடம் கேட்டது இத்தோடு முடிந்தது. இனி எழுதுவது அவர் எழுத வேண்டாம் என்று சொன்னது. கடிதத்தைப் படித்துவிட்டுத்தான் கொடுப்பார்களாம். படிக்கட்டும்.

உங்கள் கேமையும் நான் ஆடினேன்.

உங்கள் போன் பீரோவில் கிடந்தது. போன ஞாயிறு எனக்கு வீக் ஆஃப். மத்தியானம் மாமியும் ஸோயாவும் தூங்கினார்கள். எடுத்து சார்ஜில் போட்டேன். இந்த மனுசனை என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டு போனது அப்படி என்னதான் என்று பார்த்துவிட வேண்டும் போலிருந்தது. ரொம்ப நாளாகவே எனக்கு அந்த வயிற்றெரிச்சல்.

அதைப் பற்றி என் அபிப்பிராயம் இது. பச்சைப்புல், கடல், வானம் எல்லாம் கண்ணுக்கு அழகாக இருக்கிறது. விமானத்திலிருந்து குதிக்கும்போது எனக்கே நெஞ்சு ஜில்லென்றது. ஆனால் குதித்த நிமிடத்திலிருந்து ஓட்டம்தான். துப்பாக்கியைத் தேடு, மருந்தைத் தேடு, வட்டம் சுருங்குகிறது, உள்ளே ஓடு. யா அல்லாஹ், இது நம் கம்பெனி டார்கெட் மாதிரியே இருக்கிறதே, இதற்காகவா இவர் லைனிலிருந்து வந்து மறுபடி இன்னொரு லைனில் போய் நின்றார் என்று நினைத்தேன். முதல் ஆட்டத்தில் ஒரு கதவைத் திறக்கத் தெரியாமல் அங்கேயே செத்தேன்.

இரண்டாவது தடவை போனபோது ஏதோ ஒரு பொத்தானை அழுத்திவிட்டேன் போல. எல்லிதீரா அண்ணா, எல்லிதீரா என்று ஒரு பெண் குரல். எங்கே இருக்கிறீர்கள் என்றுதானே அர்த்தம், அந்த அளவுக்கு எனக்கும் கன்னடம் தெரியும். எனக்குச் சுருக்கென்றது, பொய் சொல்ல மாட்டேன். யாரும்மா நீ என்று தமிழில் அதட்டினேன். அவள் பயந்துபோய்த் தமிழுக்கு மாறினாள். அத்திப்பள்ளியில் மருந்துக்கடையில் வேலை செய்கிறாளாம், கல்யாணமானவளாம். கூடவே இன்னொரு ஆள், ஈரோட்டில் லாரி ஆபீஸில் இருப்பவராம். நான் அவர் வீட்டுக்காரி என்றதும் இரண்டு பேரும் சுடுவதை நிறுத்திவிட்டார்கள். மூன்று பேரும் ஒரு மரத்தடியில் சும்மா நின்றோம். எவனோ வந்து எங்களைச் சுட்டுவிட்டுப் போனான். அப்புறமும் பேசிக்கொண்டுதான் இருந்தோம்.

பேச்சு உங்களைப் பற்றித்தான். அண்ணன் மாதிரி ஆளே கிடையாதுக்கா, சொல்லாம ஒரு நாளும் போனதில்ல என்றார் ஈரோட்டுக்காரர். கிளம்புமுன் யார் எங்கே நிற்க வேண்டும், யாரிடம் மருந்து குறைவு, எந்தப் பக்கம் ஆபத்து என்று எல்லாவற்றையும் சொல்லி, தன் இடத்தில் ஒருவரை நிறுத்திவிட்டுத்தான் போவீர்களாம். சாப்டீங்களா, தண்ணி குடிச்சீங்களா என்று அதையும் கேட்பீர்களாம். இதெல்லாம் எங்க கம்பெனி வழக்கம், ரிலீவர் வராம மெஷின விடக்கூடாது என்று அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தீர்களாம்.

அதைக் கேட்டதும் போனைத் தூக்கி எறியலாம் போலிருந்தது.

அன்றைக்கு உங்களுக்கு ரிலீவராக அடுத்த ஷிஃப்டுக்கு வந்துகொண்டிருந்த முனிவேல் அண்ணனின் பஸ் ஜூஜூவாடி நெரிசலில் நின்றுவிட்டது. கேமில் போட்டி ஆரம்பித்துவிடும், இவர்கள் காத்திருப்பார்கள் என்று ஓடுகிற மெஷினை அப்படியே விட்டுவிட்டு வந்தீர்கள். டூல் ஆடுகிறது என்று சொல்ல அங்கே ஆளில்லை. அண்ணன் வந்து கை வைத்தார், டூல் தெறித்தது, புருவம் கிழிந்தது. கண் தப்பியது அல்லாஹ்வின் கருணை. உங்கள் வேலை போனது. யாரென்றே தெரியாத இரண்டு பேரை ஒரு நாளும் சொல்லாமல் விட்டுப் போகாத மனுசன், முனிவேல் அண்ணனை விட்டுப் போனீர்கள். என்னையும் அப்படித்தான். நான் வேலையிலிருந்து வந்தால் நீங்கள் போனில் இருப்பீர்கள், நீங்கள் வந்தால் நான் பஸ்ஸில் இருப்பேன். சாப்பிட்டாயா என்று என்னை நீங்கள் கடைசியாகக் கேட்டது எப்போது என்று யோசித்துப் பார்த்தேன், ஞாபகம் வரவில்லை. கேட்கத் தெரியாத ஆள் என்று நினைத்து மனதைத் தேற்றிக்கொண்டேன். தெரிந்திருக்கிறது.

முனிவேல் அண்ணனுக்கு உங்கள் மேல் வருத்தமில்லை. புருவத்துல கொஞ்சம் முடி மொளைக்கல, அதுக்குன்னு பொண்ணா பாக்கப் போறேன் என்கிறார். ஞாயிறு சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் நிற்பேன் என்றும் சொல்லியிருக்கிறார். அவரே நிற்கும்போது என் முகத்தில் விழிக்க உங்களுக்கு என்ன வந்தது?

கேமில் இருந்த அந்த இருவரிடமும் நான் சொல்லிவிட்டேன். அவருக்கு உடம்பு சரியில்லை, இனி வரமாட்டார், அவர் இடத்தில் வேறு ஆளை நிறுத்திக்கொள்ளுங்கள் என்றேன். அந்தப் பெண் அழுதாள். ஈரோட்டுக்காரர், சரிக்கா, நாங்க பாத்துக்கறோம், அண்ணன நல்லா ரெஸ்ட் எடுக்கச் சொல்லுங்க என்றார். பிறகு அந்த கேமை போனிலிருந்து எடுத்துவிட்டேன். கோபித்துக்கொள்வதென்றால் வீட்டுக்கு வந்து கோபித்துக்கொள்ளுங்கள். அங்கே உங்கள் இடத்துக்கு ஆள் மாற்றியாகிவிட்டது.

இங்கேதான் ஆள் வரவில்லை. அதனால் நீங்கள் வருகிறபோது சொல்ல வேண்டியதை இப்போதே சொல்லிவிடுகிறேன். மோட்டார் சுவிட்ச் லூசாக இருக்கிறது, ஈரக்கையோடு தொடாதீர்கள். ஸோயாவுக்கு முன்பல் விழுந்துவிட்டது, சிரித்தால் கேலி செய்யாதீர்கள். அவள் தாயத்தில் உங்களுக்கென்று பச்சை வளையல் துண்டுகளைக் காயாக எடுத்து வைத்திருக்கிறாள், யாரையும் தொட விடுவதில்லை. மாமிக்கு முட்டிவலி அதிகமாகியிருக்கிறது, காட்டிக்கொள்ளமாட்டார். அடுத்த வாரம் எனக்கு நைட் ஷிஃப்ட். நான் ரொம்பக் களைத்துப் போயிருக்கிறேன். இதை யாரிடமும் சொல்லவில்லை, உங்களிடம்தான் சொல்கிறேன். ரிலீவர் வராமல் நகரக்கூடாது என்றுதானே நீங்களும் சொல்லிக் கொடுத்தீர்கள். நகரவில்லை, நின்றுகொண்டுதான் இருக்கிறேன்.

உங்கள் மனதுக்கு அல்லாஹ் அமைதியைத் தரட்டும். ஒவ்வொரு தொழுகையிலும் அதைத்தான் கேட்கிறேன். பஸ் கிருஷ்ணகிரி தாண்டியதும் தூங்கிவிடாதீர்கள். ஓசூரில் இறங்கிவிடுங்கள்.

உங்கள்
ஃபிர்தௌஸ்