கோட் நன்றாக இருந்தது என்று மட்டும் சொன்னேன்

அன்பு மகள் குருவிக்கு,

இங்கே நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், தம்பியும் அவன் மனைவியும் ஞாயிறு தவறாமல் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள், அவளுக்கு இது ஏழாவது மாதம், காலில் லேசான வீக்கம், டாக்டரம்மா பயப்பட ஒன்றுமில்லை என்றுவிட்டார். அந்த ஊர்க் குளிர் உன் தொண்டையைப் படுத்தாமல், நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தெம்பாக இருக்கிறாய் என்ற நம்பிக்கையில்தான் பேனாவைத் திறந்திருக்கிறேன். நேற்றுதானே பேசினோம், அதற்குள் என்ன கடிதம் என்று நினைப்பாய். எனக்குப் போனில் முக்கியமானதைச் சொல்ல வராதடி. நீ குறுக்கே ஒரு வார்த்தை கேட்டால் போதும், அடுப்பில் பால் இருக்கிறது என்று பேச்சை மாற்றிவிடுவேன். அதனால்தான் தையல் கடையின் முன்பக்கக் கதவைச் சாத்திவிட்டு, வெட்டு மேஜையில் இருந்த துணியையெல்லாம் ஒதுக்கிவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன்.

அப்பாவைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மறந்துவிடும். நான் உன் ஊரிலிருந்து திரும்பி வந்த நாளிலிருந்து அவர் கால் தரையில் இல்லை. பார்க்கிறவர்களிடமெல்லாம் என் பெண் கண்டக்டர், என் பெண் கண்டக்டர் என்று சொல்லிக்கொண்டு திரிகிறார். பஸ் டிப்போவில் முப்பது வருஷம் டைம் கீப்பராக இருந்த மனிதர் இப்படிச் சொன்னால் கேட்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? எதிர்வீட்டு மருந்துக்கடைக்காரர் நிஜமாகவே "எந்த ரூட்டுங்க?" என்று கேட்டுவிட்டார். அப்பா கொஞ்சமும் அசராமல், "எம் பொண்ணு வண்டியில எண்பது பேரு ஏறுவாங்க, நடுவழியில ஒருத்தரும் இறங்க முடியாது" என்றாராம். அந்த மனிதர் இன்றைக்கும் குழம்பிப் போய்தான் இருக்கிறார் என்று நினைக்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அன்றைக்குக் கச்சேரி முடிந்து நீ உடை மாற்றும் அறைக்குள் வந்ததும் என்னிடம் "எப்படிம்மா இருந்துச்சு?" என்று கேட்டாய். நான் "கோட் நல்லா உட்கார்ந்திருந்துச்சு" என்றேன். நீ சிரித்தாய். ஆனால் உடனே கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டு, தலையில் இருந்த நாலே நாலு கொண்டை ஊசியை எடுக்க அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டாய். நான் தையற்காரி, எதிரில் நிற்பவர்களுக்கு எங்கே பிடிக்கிறது என்று அவர்கள் சொல்லாமலே எனக்குத் தெரியும். உனக்கு எங்கே பிடித்தது என்றும் தெரிந்தது, தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. சொல்லாமல் விட்டதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

அந்த வெள்ளிக்கிழமை காலையில் உங்கள் இசைக்குழுவின் பெரிய கண்டக்டர் குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார், ஞாயிற்றுக்கிழமைக் கச்சேரியை நீதான் நடத்த வேண்டும் என்று போன் வந்தபோது நீ சமையலறைத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாய். உதவி கண்டக்டர் என்றால் இப்படி ஒரு நாள் வரும் என்று நீ நாலு வருஷமாகத் தயாராகத்தான் இருந்தாய், ஆனாலும் முகம் வெளுத்துவிட்டது. இரண்டு வாரம் உன்னோடு இருந்துவிட்டுப் போகலாம் என்று வந்திருந்த எனக்கு அந்த நேரத்தில் இசையைப் பற்றி என்ன சொல்லத் தெரியும்? போட்டுக்கொள்ள என்ன இருக்கிறது என்று கேட்டேன். கடையில் வாங்கிய கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு நீ கையைத் தூக்கினாய், கோட் முழுவதும் காதுவரைக்கும் ஏறி வந்தது. நிற்பதற்கென்று தைத்த கோட் அது, கையைத் தூக்கி வேலை செய்கிறவர்களுக்கென்று தைத்ததில்லை. கைகளைப் பிரித்து, அக்குளில் ஒரு சதுரத் துண்டு வைத்து, முதுகில் லைனிங்கைத் தளர்த்தி, உன் வீட்டுக்கார அம்மாவின் தையல் மிஷினில் இரண்டு பகல் தைத்தேன். எனக்குத் தெரிந்ததைச் செய்துகொண்டிருந்தவரை எனக்குப் பயம் தெரியவில்லை.

சனிக்கிழமை ஒத்திகைக்கு நான் வந்தது அளவு பார்க்கத்தான். வாசலில் இருந்தவர் "நீங்க யாரும்மா?" என்று கேட்டார், டெய்லர் என்றேன், விட்டுவிட்டார். மூன்றாவது வரிசையில் குண்டூசி டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். உன் முகம் எனக்குத் தெரியாது, முதுகுதான் தெரியும். ஆனால் உன் எதிரே உட்கார்ந்திருந்த எண்பது முகமும் எனக்கு நன்றாகத் தெரிந்தது. அதில் பாதி முகம் உன்னைப் பார்க்கவே இல்லை, தாளைப் பார்த்து வாசித்துக்கொண்டிருந்தார்கள். பின்வரிசையில் நரைத்த மீசை வைத்த ட்ரம்பெட்காரர், வாசிக்க வேண்டிய இடம் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு ரத்தம் கொதித்தது. எழுந்து போய் அவர் கையைப் பிரித்துவிடலாமா என்றிருந்தது.

அப்போதுதான் நீ அவர் பக்கம் திரும்பிக் கையிலிருந்த கோலை நீட்டினாய். அவர் வாசிக்கவில்லை. எல்லோரும் நின்றுவிட்டார்கள், எண்பது தலையும் அவர் பக்கம் திரும்பியது, அவருக்குக் காதெல்லாம் சிவந்துவிட்டது. தூங்கிவிட்டார் போல என்றுதான் நானும் நினைத்தேன், கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது, மறைப்பானேன். நீ கோலைக் கீழே வைத்துவிட்டு, "தப்பு என்னோடது. நான் ஒரு தாள அடி முன்னாடியே கூப்பிட்டுட்டேன், சார் சரியாத்தான் எண்ணிட்டு இருந்தாரு. மன்னிச்சிடுங்க சார், மறுபடியும் போலாம்" என்றாய். அவ்வளவுதான். குரலைக்கூட உயர்த்தவில்லை, குறைக்கவும் இல்லை. நான் என் கடையில் இரண்டு பெண்களை வைத்து வேலை வாங்குகிறேன், சட்டைக் கையை மாற்றி வெட்டிவிட்டால்கூடத் துணி சரியில்லை என்று சாதிப்பேன், உனக்கே தெரியும். எண்பது பேர் முன்னால் என் தப்பு என்று சொல்கிற தைரியம் உனக்கு எங்கிருந்து வந்தது என்று யோசித்தேன், என்னிடமிருந்து வரவில்லை என்பது மட்டும் நிச்சயம். அடுத்த முறை நீ கையைத் தூக்கியபோது அந்த மீசைக்காரர் கட்டிய கையைப் பிரித்துவிட்டு உன்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பார்த்ததும் பக்கத்தில் இருந்தவர்கள் பார்த்தார்கள். ஒத்திகை முடிவதற்குள் கூரையைப் பார்க்க ஆளில்லை. இதெல்லாம் உனக்கு எதிரேதான் நடந்தது, ஆனாலும் உனக்கு வேலை மும்முரத்தில் தெரிந்திருக்குமோ என்னவோ, எனக்குத் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணிக்கு அரங்கம் நிறைந்திருந்தது. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா பெரிய கண்டக்டர் வரவில்லை என்று கேள்விப்பட்டதும் உதட்டைப் பிதுக்கினார், நான் என் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். இரண்டாவதாக அந்த வெளியூர் பியானோக்காரர் வந்து உட்கார்ந்து உங்களோடு வாசித்தாரே, அதில் பாதிக்கு மேல் போனபிறகு உன் இடது கை திடீரென்று விரிந்து காற்றை அமர்த்துவது போல நின்றது. வயலின்கள் எல்லாம் அடங்கிப் பியானோ மட்டும் ஓடியது. பிறகு உன் தலை ஒருமுறை அசைந்தது, கோல் இறங்கியது, எல்லாரும் ஒரே மூச்சில் சேர்ந்தார்கள், பக்கத்து அம்மா "அடடா" என்றார். நானும் அது பாட்டில் உள்ளதுதான் என்று நினைத்து ரசித்தேன். உன் கழுத்தில் வேர்வை கோடு கோடாக இறங்கியது மட்டும் எனக்குப் புரியவில்லை.

அங்கே நிஜமாக என்ன நடந்தது என்று நீ யாரிடமும் சொல்லவில்லை, என்னிடமும் சொல்லவில்லை. எனக்குச் சொன்னது அந்த மீசைக்காரர்தான். நான் உன் அறைக்கு வழி தெரியாமல் நடையில் நின்றுகொண்டிருந்தேன், ட்ரம்பெட்டைத் துடைத்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்து, "நீங்க நேத்து வந்த டெய்லரம்மா தானே?" என்றார். கண்டக்டருடைய அம்மா என்றேன். அவர் எழுந்து நின்றுவிட்டார், குருவி. என் வயதுக்காரர், உன் அம்மா என்று தெரிந்ததும் எழுந்து நின்றார். பிறகுதான் சொன்னார். ஒரே மாதிரி மெட்டு அந்தப் பாட்டில் இரண்டு இடத்தில் வருமாம், பியானோக்காரர் மனப்பாடமாக வாசித்ததில் முதல் இடத்தில் இருந்தே இரண்டாவது இடத்துக்குத் தாவிவிட்டாராம், நடுவில் மூன்று பக்கம் காணாமல் போய்விட்டதாம். "பத்து நொடி போயிருந்தா எல்லாம் சிதறியிருக்கும்மா. எங்களுக்கே அவர் எங்க இருக்காருன்னு தெரியல. உங்க பொண்ணு எங்களை அமர்த்திட்டு, அவரைக் காதால தேடிக் கண்டுபிடிச்சு, எந்த இடம்னு தாள்ல போட்டிருக்கிற நம்பரை வாயசைச்சுச் சொல்லி, பக்கத்தைத் திருப்ப நேரமும் கொடுத்து, எங்க எல்லாரையும் அங்க கூட்டிட்டுப் போயிட்டாங்க. முப்பத்தஞ்சு வருஷமா வாசிக்கிறேன், இப்படி ஒரு கையை நான் பாத்ததில்ல" என்றார். நீ அந்த நம்பரைச் சொன்னபோது எல்லோரும் உன்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்களா என்று கேட்டேன். "பார்க்காம? முந்தின நாளே எங்களுக்குத் தெரிஞ்சுபோச்சே, இவங்க நம்மளைக் கைவிட மாட்டாங்கன்னு" என்றார்.

இதை மனதில் வைத்துக்கொண்டுதான் உன் அறைக்குள் வந்தேன். வந்து கோட்டைப் பற்றிச் சொன்னேன். ஏன் என்று ஒரு மாதமாக என்னையே கேட்டுக்கொள்கிறேன். உன்னைப் புகழ்ந்து ஒரு வார்த்தை சொன்னால், அதற்கு முன்னால் சொன்ன வேறொரு வார்த்தைக்கு நான் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்ற பயம்தான்.

நீ மருந்தாளர் படிப்பை விட்டுவிட்டு இசைக் கல்லூரிக்குப் போகிறேன் என்று நின்ற வருஷம், உனக்குத் தெரியாமல் உன் பியானோ டீச்சருக்குப் போன் செய்தேன். அவளுக்கு இது வராது என்று நீங்களே சொல்லிவிடுங்கள் என்று கெஞ்சினேன். அவர், "வரும்னு தெரிஞ்ச பொண்ணுகிட்ட வராதுன்னு எப்படிங்க சொல்றது? நீங்க சொன்னா அவ நம்பிடுவா, அதனால தயவு செஞ்சு நீங்களும் சொல்லாதீங்க" என்றார். நான் கேட்கவில்லை. அன்று சாயங்காலமே, நீ தட்டைக் கழுவிக்கொண்டிருந்தபோது, உனக்கு இதெல்லாம் வராது என்று சொன்னேன். டீச்சர் சொன்ன மாதிரியே நீ நம்பினாய். நாலு மாதம் அந்தப் பியானோவின் மூடியைத் திறக்கவில்லை. நாலு மாதமும் நான் வீடு அமைதியாக இருக்கிறது என்று மற்றவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். நீயாகத்தான் ஒருநாள் மூடியைத் திறந்தாய், யாரும் உன்னைத் தேற்றவில்லை.

நேற்று நீ போனில், குழுவில் இருக்கிறவர்களே கையெழுத்துப் போட்டு அடுத்த பருவத்தில் ஆறு கச்சேரி உன்னையே நடத்தச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள், முதல் கையெழுத்து மீசைக்காரருடையது என்று சொன்னாய். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அடுத்த மூச்சிலேயே, "நான் அதுக்கான ஆளான்னு தெரியலம்மா, யோசிக்கிறேன்" என்றாய். அது யார் பேசியது என்று எனக்குத் தெரியும். தட்டுக் கழுவும் இடத்தில் நான் நின்று சொன்னதுதான் பதினாலு வருஷம் கழித்து உன் வாயில் வந்தது. ஆகவே இதைக் கேட்டுக்கொள். அன்றைக்கு நான் சொன்னது பொய். உனக்கு வராது என்று நான் ஒரு நாளும் நினைக்கவில்லை. வந்துவிடும், வந்தால் நீ எங்களை விட்டுத் தூரமாகப் போய்விடுவாய் என்று பயந்துதான் சொன்னேன். வந்தது, போனாய், நானும் பிழைத்துத்தான் இருக்கிறேன். ட்ரம்பெட்காரருக்கு ஒரு நாளில் தெரிந்தது உன் அம்மாவுக்கு உன் பதினெட்டு வயதிலேயே தெரியும். அந்த ஆறு கச்சேரிக்கும் சரி என்று சொல்லிவிடு. அம்மா சொன்னாள் என்பதற்காக ஒருமுறை விட்டாயே, அம்மா சொல்கிறாள் என்பதற்காக இந்த முறை எடுத்துக்கொள்.

மற்றபடி ஒத்திகை நாட்களில் வெறும் காப்பியிலேயே ஓட்டாதே, தோள்பட்டை வலிக்கு அந்த எண்ணெயைச் சுடவைத்துத் தேய்த்துக்கொள், வலது பக்கத்துக்கு மட்டும் தேய்க்காதே. உன் வீட்டுக்கார அம்மாவிடம் மிஷினின் பெல்ட் தேய்ந்திருக்கிறது, மாற்றச் சொன்னேன் என்று சொல். நீ நீண்ட ஆயுளோடு, கை ஓயாமல், யாருக்கும் தலைகுனியாமல் நன்றாக இருக்க வேண்டும். கோபம் வந்தால் திட்டி எழுது, எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

இப்படிக்கு,
உன்னை நினைத்தே இருக்கும்
அம்மா

(உறையின் பின்பக்கத்தில், வேறு கையெழுத்தில்)

குருவி, உன் அம்மா இதை எழுதி ஒட்டி, தபாலில் போடாமல் நாலு நாளாகக் கைப்பையில் வைத்துக்கொண்டு அலைகிறாள். கடைக்குப் போகும்போது எடுத்துப் போகிறாள், திரும்பக் கொண்டுவருகிறாள். என்ன எழுதியிருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது, நானும் பிரிக்கவில்லை. இன்று அவள் குளிக்கப் போன நேரத்தில் எடுத்துக்கொண்டு வந்து போடுகிறேன். கிடைத்ததும் உடனே போன் செய். நான் எடுத்தால் என்னிடம் பேச வேண்டாம், அம்மாவிடம் கொடுக்கச் சொல்.
அப்பா