குழிக்குள் வைத்த பொட்டலம்

என் அன்புள்ள ஜெனி அப்பாவுக்கு,

நிம்மதியாகத் தூங்குகிறீர்களா என்று கேட்டு எழுதத்தான் உட்கார்ந்தேன். தூங்கவிடவில்லை என்பது உங்களுக்கே தெரியும். போன வாரம் உங்கள் குழியைத் தோண்டிவிட்டார்கள். பெட்டியின் மூடியை நெம்பித் திறந்து, தலைமாட்டில் கைவிட்டுத் துழாவி, உங்களோடு வைத்த பொட்டலத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். மாலைகூட இன்னும் முழுசாகக் காயவில்லை. மண்ணைத் திரும்பத் தள்ளிவிட்டுப் போகிற மரியாதையும் இல்லை.

காலையில் கல்லறைத் தோட்டம் பெருக்குகிறவர் ஓடிவந்து சொன்னார். போனேன். உங்கள் பக்கத்தில் போலீஸ் என்னை விடவில்லை. கருப்புக் கோட்டின் பொத்தான் ஒன்று மண்ணில் கிடந்தது, நான் தைத்த பொத்தான். அதைக் கையில் எடுத்த பிறகுதான் அழுகை வந்தது.

தப்பு யார் மேல் என்று கேட்டால், பாதி உங்கள் மேல்தான் என்பேன். கோபப்படாதீர்கள். பட்டாலும் இப்போது என்ன செய்துவிடப் போகிறீர்கள்?

மாதத்தில் ஒரு சனிக்கிழமை, நம் ஊர் வல்லம் வடகால் வெயிலில் கருப்புக் கோட்டும் டையும் மாட்டிக்கொண்டு, தட்டையான ஒரு தோல் பெட்டியோடு ரோட்டில் டாக்சிக்கு நிற்பீர்கள். கம்பெனி பஸ்ஸில் போகிறவர்கள் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிப் பார்ப்பார்கள். சென்னையில் சங்கக் கூட்டம். கல்யாணமான புதிதில் நீங்கள் சேர்ந்த சங்கம். "அங்க என்ன பண்ணுவீங்க?" என்று அப்போது ஒரு தடவை கேட்டேன். "சொல்லக் கூடாது" என்றீர்கள். அதோடு விட்டேன். அதற்குப் பிறகு ஒரு வார்த்தை கேட்டிருக்கிறேனா?

நான் கேட்காததை எல்லாம் ஊர் கேட்டது. ஆட்டுத் தலையை வைத்துக் கும்பிடுகிறீர்கள் என்று டீக்கடையில் பேச்சு. சேருகிற அன்றைக்கு மண்டையோட்டில் ரத்தம் ஊற்றிக் குடிக்க வேண்டுமாம், பால்காரர் சொன்னார். இங்கே இருந்த நெல்வயலெல்லாம் கம்பெனிக்குப் போனதே உங்கள் ஆட்கள் ஒரு அறையில் உட்கார்ந்து போட்ட திட்டம்தானாம். அத்தனை செல்வாக்கு இருந்தால் நம் தெருவுக்கு ஒரு நல்ல தண்ணீர்க் குழாய் வந்திருக்காதா என்று ஒருத்தரும் யோசிக்கவில்லை.

ஜெனிக்கு முன்னால் எனக்கு ஒன்று கலைந்ததே, நினைவிருக்கிறதா? பக்கத்து வீட்டுச் செல்வியின் மாமியார் குழாயடியில் நின்று, "மொத புள்ளய சங்கத்துக்குக் குடுத்துட்டாரு, இன்னா மனுசனோ" என்றாள். என் காதில் விழ வேண்டும் என்றுதான் சொன்னாள். குடத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து உங்களுக்குச் சோறு போட்டேன். அன்றைக்கும் நான் கேட்கவில்லை.

கான்ட்ராக்ட் பிள்ளைகளுக்கு வேறு நம்பிக்கை. கை குலுக்கும்போது கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்தினால் பெரிய கம்பெனி எச்.ஆர். எல்லாம் 'நம்ம ஆளு' என்று தெரிந்துகொண்டு உடனே பர்மனென்ட் ஆக்கிவிடுவார்களாம். செல்வியின் மகன் பிரகாஷ், கார் சீட் தைக்கிற லைனில் நிற்கிறானே, அவன் என் முந்தானையையே சுற்றிக்கொண்டிருந்தான். "ஆண்ட்டி, அங்கிள ஒரு தபா அந்த கை குடுக்குறத காட்டச் சொல்லுங்க. பர்மனென்ட் ஆயிட்டா உங்களுக்குத்தான் மொத ஸ்வீட்டு." நீங்கள் சிரித்துவிட்டுக் கதவைச் சாத்தினீர்கள். அவன் போனில் எதையோ பார்த்துக் கற்றுக்கொண்டு, இன்டர்வியூவில் எச்.ஆரின் கையை அழுத்தியிருக்கிறான். "என்னப்பா, கையில சொறியா?" என்று கேட்டிருக்கிறார் அந்த மனிதர். லைன் முழுக்க அது பரவி, டீ பிரேக்கில் எல்லாரும் அவன் கையை அழுத்தி அழுத்திச் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன். பொய் சொல்வானேன்?

உங்கள் அடக்கத்துக்குக் கூட்டம் நிறைய. துக்கத்துக்கு வந்தவர்கள் கொஞ்சம், வேடிக்கைக்கு வந்தவர்கள் மீதி. பாஸ்டர் ஜெபம் முடித்ததும் உங்கள் சங்கத்தார் கருப்புக் கோட்டின் மேல் வெள்ளைத் தோல் ஏப்ரன் கட்டிக்கொண்டு குழியைச் சுற்றி நின்றார்கள். ஆளுக்கு ஒரு பச்சைக் கிளையைப் போட்டார்கள். மூத்தவர் ராகவன் சார், பெட்டியை மூடும் முன்னால் உங்கள் தலைமாட்டில் ஒரு சின்ன வெள்ளைப் பொட்டலம் வைத்தார். அது என்ன என்று நான் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்று நீங்கள் பழக்கிய உடம்பு இது.

சுவர் மேல் ஏறி நின்றவர்கள் அத்தனையும் போனில் பிடித்தார்கள். அன்று சாயங்காலமே பேய்ப் படத்து இசை போட்டு, 'பிசாசு சங்கத்தின் கடைசிச் சடங்கு' என்று சுற்றுக்கு விட்டார்கள். ஜெனி ஓசூரிலிருந்து அழுதுகொண்டே போன் செய்தாள். "அம்மா, அதப் பாக்காதம்மா" என்றாள். அதற்குள் நான் நாலு பேர் போனில் பார்த்தாகிவிட்டது. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் என்னைக் கட்டிக்கொண்டு, காதோடு காதாக, "அந்தப் பொட்டலத்துல இன்னா கீது?" என்றார்கள். தங்கம் என்றார்கள், வைரம் என்றார்கள். எந்தக் கம்பெனிக் கேட்டையும் திறக்கிற முத்திரை என்றும் ஒரு பேச்சு.

அந்தப் பேச்சை நம்பித்தான் தோண்டினான். வேறு யார், பிரகாஷ்தான். கூட லைனில் நிற்கிற ஒருத்தன். தோண்டியதை அவர்களே வீடியோ எடுத்து வைத்திருந்தார்கள், பொட்டலத்தைப் பிரிக்கும் முன்னாலேயே போலீஸில் மாட்டிக்கொண்டார்கள். அந்த அறிவுக்குப் பர்மனென்ட் கொடுக்காமல் இருந்தார்களே, கம்பெனிக்காரர்கள் கெட்டிக்காரர்கள்.

செல்வி வந்து என் காலைப் பிடித்துக்கொண்டாள். "யக்கா, புகார்ல கையெழுத்து போட்டுறாதக்கா. கேஸ் விழுந்தா போலீஸ் வெரிஃபிகேஷன்ல மாட்டிக்குவான். இந்த ரோட்டுல ஒரு கேட்டுக்குள்ளயும் உட மாட்டாங்க. அவன் வாழ்க்கையே போயிடும்கா."

"என் வூட்டுக்காரர் செத்தும் நிம்மதி இல்லாம கெடக்குறாரு. உம் புள்ள வாழ்க்க போவட்டும், போ" என்றேன். காலை உதறினேன். அவள் நிலைப்படியில் இடித்துக்கொண்டாள். எனக்குப் பாவமாகவே இல்லை. நெஞ்சு குளிர்ந்துதான் போயிருந்தது. அவன் அழிய வேண்டும் என்று மனசார நினைத்துக்கொண்டுதான் ஸ்டேஷனுக்குப் போனேன்.

புகார் எழுதித் தயாராக இருந்தது. கையெழுத்துதான் பாக்கி. மேஜை மேல் அந்தப் பொட்டலம். இன்ஸ்பெக்டர் பேனா முனையால் அதைப் பிரித்தார். "கேஸ் இருக்கட்டும் மேடம், அந்த சங்கத்துல நெஜமாவே மண்டையோடு வெச்சிக்கினுதான்..." என்று அவரும் ஆரம்பித்தார். உள்ளே ஒரு ஜோடி வெள்ளைக் கையுறை. பெண்கள் போடுகிற அளவு. இன்ஸ்பெக்டருக்கு முகம் விழுந்துவிட்டது. மூலையில் உட்கார்ந்திருந்த பிரகாஷுக்கு அதைவிட.

அங்கேயே ராகவன் சாருக்குப் போன் போட்டேன். வாழ்க்கையில் முதல்முறையாக உங்கள் சங்கத்தாரிடம் நானாக ஒரு கேள்வி கேட்டேன்.

"சேர்ற அன்னிக்கு எல்லாருக்கும் ரெண்டு ஜோடி குடுப்போம்மா. ஒண்ணு அவருக்கு. இன்னொண்ணு அவர் உலகத்துலயே ரொம்ப மதிக்கிற பெண்ணுக்கு. வழக்கமா வீட்டம்மாவுக்குத்தான் போகும்."

"எனக்கு வரலையே சார்."

"உங்களுக்குன்னுதாம்மா வாங்கினார். ஆனா, 'இத கொண்டுபோய்க் குடுத்தா ஆயிரம் கேள்வி கேப்பா, இங்கயே கெடக்கட்டும்'னு எங்க அலமாரியிலயே வெச்சுட்டார். அவர் பொருளாச்சே, அதான் கடைசியில அவர் கூடவே..." என்றார்.

ஆயிரம் கேள்வி. நானா?

ஊரே ஆயிரம் கேட்டபோது ஒன்றும் கேட்காமல் சோறு போட்டவளைப் பார்த்தா அப்படிச் சொன்னீர்கள்? நீங்கள் உலகத்திலேயே ரொம்ப மதித்த பெண் நான்தான் என்று சென்னையில் ஒரு கூட்டத்துக்கே தெரிந்திருக்கிறது. எனக்கு மட்டும் தெரியவில்லை. ஆட்டுத் தலையைக் கும்பிட்டிருந்தால்கூட மன்னித்திருப்பேன். பாவி மனுஷா, ஒரு ஜோடி கையுறையைக் கொடுக்க உனக்குக் கை வரவில்லையே.

"கையெழுத்து போட்டா இது கேஸ் பொருள் மேடம், கோர்ட்டுக்குப் போயிடும். இல்லன்னா நீங்க எடுத்துனு போலாம்" என்றார் இன்ஸ்பெக்டர். கையுறையை எடுத்துக்கொண்டேன். பேனாவைத் தொடவில்லை. பிரகாஷ் மேல் இரக்கம் என்று தெருவில் பேசிக்கொள்கிறார்கள், பேசட்டும். நீங்கள் எனக்குத் தராமல் கொண்டுபோனதை அவன் தோண்டி எடுத்துக் கொடுத்தான். எனக்காகச் செய்யவில்லைதான். செய்தவன் அவன்தானே?

சும்மாவும் விடவில்லை. பட்டப்பகலில், தெருவே பார்க்க, அவன் கையாலேயே குழியை மூட வைத்தேன். சுவர் மேல் பழையபடி போன்கள். மண்ணைத் தள்ளிக்கொண்டே, "ஆண்ட்டி, நெஜமாவே அவ்ளோதானா? வேற ஒண்ணும் இல்லியா?" என்றான்.

"அவ்ளோதான்டா. பாட்டு மாதிரி மனப்பாடம் பண்ணி ஒப்பிப்பாங்க, பிரியாணி துன்னுட்டு வூட்டுக்கு வருவாங்க. ராகவன் சாரே போன்ல சொன்னாரு. இதுல யாருக்கும் எந்த கேட்டும் தெறக்காது."

மண்வெட்டியைப் போட்டுவிட்டு அழுதான் பாருங்கள், ஸ்டேஷனில்கூட அப்படி அழவில்லை. நான் நின்று முழுசாகப் பார்த்தேன். இப்போது கேட்கிற எல்லாரிடமும் சொல்கிறேன், உள்ளே ஒன்றுமே இல்லை என்று. நீங்கள் கட்டிக் காத்ததைத் தண்ணி லாரி வரிசையில் நின்று உரக்கச் சொல்கிறேன். ஒருத்தரும் நம்பவில்லை. "யக்காவையும் சங்கத்துல சேத்துக்கினாங்க போல" என்கிறார்கள்.

நேற்றுக் கையுறையைப் போட்டுப் பார்த்தேன். விரல் கணுவோடு நின்றுவிட்டது. கல்யாணமான புதிதில் நான் எப்படி ஒல்லியாக இருந்தேன்? அன்றைக்குக் கொடுத்திருந்தால் அளவு சரியாக இருந்திருக்கும்.

கல்லறைத் தோட்டத்தில் இடம் இல்லையாம். காலம் வரும்போது உங்கள் குழியையே திறந்து, உங்கள் மேலேயே என்னை வைப்பதாகப் பாஸ்டர் சொல்லிவிட்டார். சரி என்றேன். கையுறையைக் கையிலேயே பிடித்துக்கொண்டு வருகிறேன், இது சத்தியம். அங்கே சனிக்கிழமை கிடையாது, டாக்சி கிடையாது, எழுந்து போய்க் கதவைச் சாத்தவும் முடியாது. அந்த ஆயிரம் கேள்வியையும் அப்போது கேட்பேன். கலைந்த குழந்தை விஷயத்தில்தான் ஆரம்பிப்பேன். பதிலைத் தயார் செய்து வையுங்கள்.

வந்து சேரப்போகிற உங்கள் மனைவி,
ஜெனி அம்மா