புதுத் தட்டில் மூன்று கோடு

அன்புள்ள மச்சான் செல்லத்துரைக்கு,

நீ போய் ஒரு வருடமாகிற ஆட்டைத் திவசத்துக்கு அச்சடிக்கிற நினைவுமலரில் போடுவதற்காக இதை நானே எழுதுகிறேன். ஓம், நானே. உன் மனைவி, என் தங்கச்சி பாக்கியம்தான் இந்த வருடம் எனக்கு எழுத்துப் பழக்கினாள். ஒரு வரி எழுத ஒரு வெற்றிலை போடும் நேரம் ஆகிறது. ஆனாலும் பெரிய சந்தோஷம்.

சந்தோஷம் அவ்வளவுதான். உன் கார் என்னை அழவைக்கிறது.

பரந்தனுக்கும் தர்மபுரத்துக்கும் ஆட்களை ஏற்றித் திரிந்த கார், குளக்கட்டு ஏற்றத்தில் எஞ்சின் மட்டும் கத்த, நின்ற இடத்திலேயே நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை வவுனியாவிலிருந்து ஒருவன் வருகிறான், வாங்கிப் பிரித்து விற்பதற்கு. "நாலு பேரோட குளக்கட்டில ஏறினால் வைச்சிருப்பம் அண்ணை. இல்லாட்டிக் குடுப்பம்" என்றாள் பாக்கியம்.

கியர்பொக்ஸை இறக்கிக் கிளச்சைப் பார்த்தேன். பழைய கிளச் தட்டு ஆணித் தலை தெரியும்வரை தேய்ந்திருந்தது. கிளிநொச்சியில் புதுத் தட்டு வாங்கிப் பூட்டினேன். கிளச் பிடிக்காமல் அதே வழுக்கல். மறுபடி இறக்கினேன். அழுத்தும் தட்டில் வெடிப்பு இல்லை. ஸ்பிரிங்குகள் சரி. பெயரிங்கைக் காதோடு வைத்துச் சுற்றினேன், சத்தமில்லை. பிளைவீலைத் தடவினேன், நகம் மாட்டுகிற கீறல் இல்லை. எங்கேயும் எண்ணெய்க் கசிவு இல்லை. புதுசுதானே என்று அந்தத் தட்டை மட்டும் பார்க்கவில்லை. பூட்டி ஓடினால் மறுபடி வழுக்கல். நான் ஏசியது உனக்குக் கேட்டதா?

கடைக்காரரோடு சண்டைக்கும் போனேன். "தட்டு நல்ல தட்டு ஐயா. பூட்டின ஆளைத்தான் மாத்தவேணும்" என்றார்.

மூன்றாம் முறை இறக்கியபோதுதான் தட்டைத் திருப்பினேன். இரண்டு பக்கமும் விரல் அகலத்தில் மூன்று மூன்று கோடு, எண்ணெய் கருகி மினுங்கியது.

பாக்கியத்திடம் கேட்டேன்: "பிள்ளை, பூட்ட முதல் இதைச் சாமியறைக்குக் கொண்டுபோனனியோ?"

"ஓம் அண்ணை. விளக்குக்கு எண்ணெய் விட்டு, திருநீறு பூசித்தானே தந்தனான். ஏன்?"

"சும்மா கேட்டனான்."

எண்ணெய்க் கையோடு பூசியிருக்கிறாள். நானும் திருநீற்றைத் துணியால் தட்டிவிட்டுப் பூட்டினேன். அடியில் எண்ணெய் ஊறியிருந்ததைக் காணவில்லை. கிளச் தட்டில் எண்ணெய் பட்டால் பிடி போய்விடும் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவளுக்கு யார் சொன்னோம்?

எப்படிச் சொல்வது மச்சான்? நீ போனபிறகு அவள் சாமியறை விளக்கை ஏற்றவே இல்லை. இந்தத் தட்டுக்காகத்தான் ஏற்றினாள்.

என் வாயால் முடியாது. அதனால்தான் எழுதிவிட்டேன். இதைப் பிழை திருத்தப்போவது அவள்தான்.

தட்டைப் பெற்றோலில் கழுவி, சாண்ட் பேப்பரால் தேய்த்துக் காயவைத்திருக்கிறேன். பூட்டுவதற்கு முன் அவளிடம் கொடுப்பேன். விளக்கை ஏற்றட்டும். கையைக் கழுவிவிட்டு, நடுவில் இருக்கிற இரும்பில் மட்டும் திருநீறு வைக்கட்டும். சனிக்கிழமை அவளை முன் ஆசனத்திலும் இன்னும் இரண்டு பேரைப் பின்னாலும் இருத்திக் குளக்கட்டில் ஏறுவேன், இது உனக்குத் தருகிற வாக்கு. ஏறாவிட்டால் நான்காம் முறையும் இறக்குவேன்.

தன் பெயரைத் தானே எழுதும்
உன் மச்சான்,
நாகமுத்து