பால்கனியில் காய்ந்த நீல விரிப்பு

மார்ச் 4

இன்றும் கேக் அமுங்கிவிட்டது.

மாலை நான்கிலிருந்து எட்டு வரை வீட்டுக்கு இவ்வளவுதான் மின்சாரம் என்று அளந்து தருகிறார்கள். மீறினால் மீட்டர் தானே அணைந்துவிடும், இருபது நிமிடம் கழித்துத்தான் கண் திறக்கும். என் ஓவனோடு ஒரு விளக்கைத் தாங்கும். மூன்றாவதாக எது சேர்ந்தாலும் போச்சு. இன்று சேர்ந்தது நாத்தனாரின் ஹேர் டிரையர்.

மூலைக் காப்பிக்கடைக்காரருக்குச் சாயங்காலக் கூட்டத்துக்குச் சூடாகக் கேக் வேண்டும். "தப்பா எடுத்துக்காதீங்கக்கா. இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா நான் வேற ஆள் பாக்க வேண்டியதுதான்."

வேலையை விட்டுவிட்டு ஆசை ஆசையாக வாங்கிய ஓவன். பயமாக இருக்கிறது.

மார்ச் 6

மாலையில் ஃபேன், ஃப்ரிட்ஜ், இஸ்திரி, டிரையர் எல்லாவற்றுக்கும் தடை போட்டேன். நாத்தனார் ஈரத் தலையோடு முறைத்துக்கொண்டு திரிகிறாள்.

"அண்ணி, இது வீடா, ஜெயிலா?"

ஊருக்கே கரண்ட் போதவில்லை, பங்கு போட்டுத்தான் ஆகவேண்டும். நியாயம்தான். ஆனாலும் என் வீட்டில் எப்போது தலை காயவைக்கலாம் என்று ஒரு மீட்டர் எனக்குச் சொல்வதா?

மார்ச் 9

நாத்தனார் சோலார் சாமான் கடையில் வேலை பார்க்கிறாள். பாய்போல் சுருட்டக்கூடிய நீலச் சோலார் தகடு ஒன்றும் பேட்டரிப் பெட்டி ஒன்றும் கொண்டுவந்திருக்கிறாள். ஃபேன், ஃப்ரிட்ஜ் எல்லாம் அதில் ஓடினால் மீட்டர் தரும் கரண்ட் முழுக்க ஓவனுக்குத்தான்.

குடியிருப்புச் செயலாளரிடம் அனுமதி கேட்டோம். "பால்கனியில துணி மட்டும்தாம்மா காயப்போடலாம். கட்டடத்தோட அழகு என்ன ஆகறது?"

நாத்தனார் சமர்த்தாகத் தலையாட்டினாள். அவள் தலையாட்டினாலே ஏதோ திட்டம் போட்டுவிட்டாள் என்று அர்த்தம்.

மார்ச் 10

தகட்டைச் சுற்றி நீலப் படுக்கை விரிப்பின் கரையைத் தைத்து, நான்கு கிளிப் போட்டுக் கொடியில் தொங்கவிட்டுவிட்டாள். தெருவிலிருந்து பார்த்தேன். சத்தியமாகப் படுக்கை விரிப்பேதான்.

என் வீட்டுக்காரரிடம் மூச்சு விடவில்லை. ஓட்டை வாய். போதாக்குறைக்குத் தினமும் காலையில் செயலாளரோடுதான் நடக்கப் போகிறார்.

மார்ச் 11

கேக் எழுந்து நின்றது! அதே நேரத்தில் ஃபேன் ஓடியது. டிரையரும் ஐந்து நிமிடம் ஓடியது. நானும் நாத்தனாரும் சமையலறையில் ஆடினோம். இவர் ஏன் என்று கேட்டார். சும்மா என்றோம்.

மார்ச் 15

இவர் நடந்துவிட்டு வந்து சொன்னது: "செயலாளர் இப்பல்லாம் ரொம்ப அன்பா பேசறார். ராத்திரி தண்ணி கம்மியா குடிங்கங்கறார். தோள்ல தட்டிக் குடுக்கறார். ஏன்னே தெரியல."

எனக்கும் தெரியவில்லை.

மார்ச் 17

கல்யாணமான நாளிலிருந்து, மழை வந்தால் துணியை எடுங்கள் என்று கத்துகிறேன். ஒருநாளும் எடுத்ததில்லை. இன்று எடுத்தார்.

விரிப்பை நாலாக மடித்து, மடிப்பு கலையாமலிருக்க மேலே போர்வைகளை அடுக்கி, அலமாரியில் வைத்திருந்தார். "கஞ்சி போட்ட மாதிரி விறைப்பா இருந்துச்சு. நடுவுல ஏதோ ஒயர் வேற, கழட்டிட்டேன். எப்படி, நல்லா மடிச்சிருக்கேனா?"

மடிப்பு நெடுக விரிசல்.

அடிக்கவா, சிரிக்கவா? அழுதேன். காப்பிக்கடைக்காரர் முகம் கண் முன்னால் வந்துபோச்சு. இவரைச் சொல்லி என்ன, சொல்லாம மறைச்சது நான்தானே...

மார்ச் 18

ஃபேன் இல்லை, ஃப்ரிட்ஜ் இல்லை. ஒற்றை விளக்கில் மூன்று பேரும் வியர்த்து வழிந்து கேக்கைக் காப்பாற்றினோம். நாளைக்கும் இப்படியேவா?

மார்ச் 19

விஷயம் தெரிந்ததும் இவருக்குத் தாங்கவில்லை. தன் மேல்தான் தப்பு என்று செயலாளரிடம் போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். செயலாளர் நேரே வீட்டுக்கு வந்துவிட்டார். முடிந்தது கதை என்று நினைத்தேன்.

விரிசல் விட்ட தகட்டைத் தடவிப் பார்த்தார். "இதுவா தினமும் காஞ்சுது? எங்க ஜன்னலுக்கு நேர் எதிர்லம்மா. இவங்க வீட்ல சின்னக் குழந்தைகூட இல்லையே, ஒரே விரிப்பு எதுக்குத் தினம் தினம் காயுதுன்னு நானும் என் சம்சாரமும் யோசிச்சோம். கடைசில..."

மெதுவாக இவரைப் பார்த்தார்.

இவருக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. "அட, அதான் ராத்திரி தண்ணி கம்மியா குடிங்கன்னீங்களா!"

நாத்தனார் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். செயலாளருக்கும் அடக்க முடியவில்லை. போகும்போது வாசலில் நின்றார். "அழகு ஒண்ணும் கெடலையே. எங்க வீட்டம்மா சாயங்காலம் வாஷிங் மெஷின் போட முடியலைன்னு தினம் என்னைத்தான் துவைக்கறா. இது என்ன கலர்ல எல்லாம் வரும்?"

ஏப்ரல் 26

காப்பிக்கடையில் கேக்கைக் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது தூறல். நிமிர்ந்து பார்த்தேன். பால்கனிக்குப் பால்கனி ஆட்கள் ஓடிவந்து துணி எடுத்துக்கொண்டிருந்தார்கள். நீல விரிப்புகள் மட்டும் நனைந்துகொண்டு தொங்கின. செயலாளர் வீட்டில் இரண்டு.

எங்கள் பால்கனியில் இவர். துண்டை எடுத்தார், சட்டையை எடுத்தார், தலையணை உறையை எடுத்தார். புது விரிப்பின் பக்கம் கையே போகவில்லை.

கதவைத் திறந்தால் உள்ளே டிரையர் சத்தம். மணி ஐந்தரை.